ஏரிவெளியில் பதினோரு நாள்

2000ஆம் ஆண்டு ஏப்ரலில் செய்தித்தாளிலிருந்து வெட்டிய ஒரு துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஓரமெல்லாம் பழுத்துவிட்டது. அப்போது பென்னாகரம் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை நான். பொலிவியா என்ற நாட்டில் கோச்சபம்பா என்ற நகரத்து மக்கள் தண்ணீருக்காகத் தெருவில் இறங்கினார்கள், அரசு பணிந்தது என்று நாலைந்து வரிச் செய்தி. சுவரில் தொங்கிய உலகப் படத்தில் பொலிவியாவைக் காட்டி, துண்டை ஏழாம் வகுப்புப் பலகையில் ஒட்டினேன்.

கடைசி வரிசைப் பையன் ஒருவன் கை தூக்கினான். "டீச்சர், அந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தால் பல் கறுக்குமா?"

அவன் ஏன் அப்படிக் கேட்டான் என்பது தர்மபுரிக்காரர்களுக்குப் புரியும். எங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃப்ளோரைடு அதிகம். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டினாலே வளரும் பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கோடு விழத் தொடங்கும். இன்னும் அதிகமாகி ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பைப் பிடிக்கும், மூட்டு மடங்காது. அந்த வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்குப் பல்லில் கோடு இருந்தது. எனக்கும் உண்டு. என் கல்யாணப் புகைப்படங்களில் ஒன்றில்கூட நான் வாய் திறந்து சிரிக்கவில்லை.

"தெரியவில்லையே சாமி, போய்ப் பார்த்தால்தான் தெரியும்" என்று அவனிடம் சொன்னேன். இருபது ஆண்டுகளுக்கும் மேல் கடந்து, பணி ஓய்வும் பெற்ற பிறகு, இந்த மே மாதம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். என் மகள் பிரேசிலில் சாவோ பாவ்லோ நகரத்தில் வேலை செய்கிறாள். "ரியோவுக்குப் போகலாம் அம்மா, கடற்கரை இருக்கிறது, ஏசு சிலை இருக்கிறது" என்றாள். எனக்குக் கோச்சபம்பாதான் வேண்டும் என்றேன். அவள் இரண்டு நாள் யோசித்துவிட்டு லீவு போட்டாள்.

போக நினைப்பவர்களுக்கு முதலில் ஒரு செய்தி. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாட்களாவது முன்னால் போட்டு, அதற்கான அட்டையைக் கையில் வைத்திருங்கள். அங்கே கேட்கிறார்களோ இல்லையோ, திரும்பும்போது நம் நாட்டு விமான நிலையத்தில் கேட்பார்கள். நான் ஓசூர் வழியாகப் பெங்களூர் போய், அங்கிருந்து ஆப்பிரிக்காவில் ஒரு முறை மாறி சாவோ பாவ்லோ சேர்ந்தேன். பிறகு மகளோடு பொலிவியாவின் சாந்தா குரூஸ், அங்கிருந்து ஒரு சிறிய விமானத்தில் கோச்சபம்பா. எழுத இரண்டு வரிதான். உட்கார்ந்திருந்த முழங்காலுக்குத்தான் தூரம் தெரியும்.

விமானம் இறங்கும்போது சன்னல் வழியே பார்த்தேன். சுற்றிலும் மொட்டை மலைகள், நடுவில் அகன்ற தட்டுப்போல ஊர். வடக்கே ஐயாயிரம் மீட்டரைத் தாண்டி நிற்கும் துனாரி. உயரம் வேறு, மண்ணின் நிறம் வேறு, ஆனாலும் வத்தல்மலையும் சித்தேரி மலையும் சூழ்ந்த எங்கள் மாவட்டத்தை யாரோ எடுத்து ஆகாயத்துக்குப் பக்கத்தில் வைத்த மாதிரி இருந்தது. ஊர் சுமார் 2,560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டியைவிட முந்நூறு மீட்டர் கூடுதல். தலைசுற்றல், மூச்சுமுட்டல் என்று பயந்திருந்தேன். ஒரு நாள் லேசாகத் தலை வலித்தது, அவ்வளவுதான். மே மாதம் அங்கே மழை ஓய்ந்த காலம். பகலில் நீலம் கொட்டிய வானம், இரவில் ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது.

அந்த மண்ணின் பழைய மொழி கெச்சுவா. அதில் 'கோச்சா' என்றால் ஏரி, 'பம்பா' என்றால் வெளி. ஏரிவெளி! பென்னாகரம் வட்டத்தில் எங்களுக்கு ஓர் ஏரியூர் இருக்கிறது. இரண்டு ஊருக்கும் பெயரில் தண்ணீர், ஆனால் குடத்தில் இல்லை. இந்தப் பொருத்தத்தை மகளிடம் சொன்னபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளும் சிறுவயதில் அடிபம்பு வரிசையில் நின்றவள்தான்.

நாங்கள் தங்கியது ஓட்டல் அல்ல, ஒரு வீட்டின் மாடி. வீட்டுக்கார அம்மாவுக்கு என்னைவிட மூன்று வயது கூட. இரட்டைச் சடை, முழங்காலுக்குக் கீழே வரை விரிந்த மடிப்புப் பாவாடை, வெளியே போகும்போது உயரமான வெள்ளைத் தொப்பி. என் மகள் அவரை மரியாதையாக 'டோனியா' என்று அழைத்தாள். எனக்கு வாயில் வந்தது அக்காதான். என்ன பொருள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, இரண்டாம் நாளிலிருந்து "அக்கா எங்கே?" என்று என்னையும் அவர் அப்படியே அழைக்கத் தொடங்கிவிட்டார்.

முதல் நாள் காலை கீழே இறங்கினால் அரைக்கிற சத்தம். சமையலறைத் திண்ணையில் ஒரு பெரிய தட்டைக் கல். பெயர் பத்தான். அதன் மேல் பிறை வடிவத்தில் ஒரு கனத்த கல்லை இரண்டு கையாலும் பிடித்துத் தொட்டில்போல இப்படியும் அப்படியும் ஆட்டுகிறார். எங்கள் அம்மியில் குழவியை இழுத்து அரைப்போம். இங்கே இழுப்பதில்லை, ஆட்டுகிறார்கள். கல்லில் தக்காளியும் லொகோத்தோ என்ற மிளகாயும் உப்பும். அந்த மிளகாய் குண்டாக இருக்கும், உள்ளே விதைகள் கறுப்பு. கூடவே கிர்கிஞா என்று ஒரு தழை. கொத்தமல்லிக்குத் தூரத்து உறவு போன்ற வாசனை. இதற்கு யாஹ்வா என்று பெயர். ரொட்டி, உருளைக்கிழங்கு, சூப், எல்லாவற்றுக்கும் தொட்டுக்கொள்கிறார்கள். ஒரு விரல் எடுத்து நாக்கில் வைத்தேன். பச்சைத் தக்காளிச் சட்னி! தாளிதம் மட்டும் இல்லை.

அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. முப்பது ஆண்டுகள் பாடமாகச் சொல்லிக்கொடுத்தும் உறைக்காதது. மிளகாய்க் குடும்பத்தின் தாய்வீடு இந்த மலைகளின் பக்கம் என்கிறார்கள் தாவர அறிஞர்கள். தக்காளியின் காட்டு மூதாதைகள் ஆண்டிஸ் மலைத்தொடரின் மேற்குச் சரிவுக்காரர்கள். நிலக்கடலை பிறந்தது இந்த நாட்டின் தெற்குப் பகுதியை ஒட்டி. உருளைக்கிழங்கைச் சொல்லவே வேண்டாம். பாலக்கோட்டு மண்டியில் லாரி லாரியாக ஏறும் தக்காளியும், மானாவாரிக் கொல்லையில் என் அப்பா நம்பி விதைத்த கடலையும் இந்தப் பக்கத்து மலைகளில் தொடங்கி, கடல் கடந்து நம்மை வந்து சேர்ந்தவை. விலை விழுந்து தக்காளியைச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போகும் எங்கள் விவசாயிகளின் முகம்தான் அந்தக் கல்லின் முன்னால் நினைவுக்கு வந்தது.

மதியம் அவர் நிலக்கடலை சூப் வைத்தார். தோல் நீக்கிய பச்சைக் கடலையை அதே கல்லில் மைய அரைத்துக் கரைத்துக் கொதிக்கவிட்டு, மேலே பொரித்த உருளைக்கிழங்குத் துண்டுகள். மாட்டிறைச்சி எலும்பு போடுவது வழக்கம். எனக்காகப் போடாமல் வைத்தார். கடலையை நாம் வேக வைக்கிறோம், வறுக்கிறோம், துவையல் அரைக்கிறோம், எண்ணெய் ஆட்டுகிறோம். சூப்பாகக் கொதிக்க வைக்கலாம் என்று நம் பக்கத்தில் யாருக்கும் தோன்றாமல் போனது எனக்கு வியப்பு. வீட்டுக்கு வந்த மறுவாரமே வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் சீரகமும் பூண்டும் சேர்த்தால் நம் நாக்குக்கு ஒட்டிக்கொள்கிறது.

லா கான்ச்சா சந்தையைப் பற்றித் தனியாகவே எழுதலாம். தென் அமெரிக்காவின் மிகப் பெரிய திறந்தவெளிச் சந்தைகளில் அது ஒன்று. அக்கா முன்னால் நடக்க, அவருடைய சடை நுனியைப் பார்த்துக்கொண்டே நாங்கள் பின்னால் போனோம். கண்ணை எடுத்தால் தொலைந்துவிடுவோம். கறுப்பாகச் சுருங்கிக் கூழாங்கல் மாதிரி கிடந்ததைக் காட்டி என்னவென்று கேட்டேன். சுன்யோ. இரவுப் பனியில் உறைய வைத்து, பகல் வெயிலில் காய வைத்து, காலால் மிதித்து நீரை வெளியேற்றிய உருளைக்கிழங்கு. ஆண்டுக்கணக்கில் கெடாதாம். நாம் வெயிலை மட்டும் வைத்து வற்றல் போடுகிறோம். இவர்களுக்குப் பனியும் வேலைக்காரன்.

அங்கே விற்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் 'கசெரா' என்று அழைத்துக்கொள்கிறார்கள். வாடிக்கைக்காரி என்று வைத்துக்கொள்ளலாம். எடை போட்டு முடித்ததும் அக்கா அசையாமல் நின்று "யாப்பா" என்றார். விற்றவர் இன்னும் இரண்டு வெங்காயத்தை எடுத்துப் பையில் போட்டார். கொசுறு! வியாழக்கிழமைச் சந்தையில் என் அம்மா கேட்ட அதே குரல், அதே நிற்பு. நானும் தைரியமாக ஒரு கடையில் "யாப்பா" என்று கேட்டு ஒரு லொகோத்தோ மிளகாய் வாங்கினேன்.

இனி நான் எதற்காகப் போனேனோ அதற்கு வருகிறேன்.

செப்டம்பர் 14 சதுக்கம் ஊரின் நடு. சுற்றிலும் வளைவுத் தூண்கள் வைத்த தாழ்வாரங்கள், நடுவில் பனைகள், ஒரு பக்கம் தேவாலயம். பெஞ்சில் பெரியவர்கள் பேப்பர் படிக்கிறார்கள், புறாக்களுக்குக் குழந்தைகள் சோளம் போடுகின்றன. 2000ஆம் ஆண்டின் கூட்டம் கூடியது இங்கேதான். அந்த பெஞ்சுகளில் ஒன்றில் உட்கார்ந்து, கொண்டுபோயிருந்த செய்தித்தாள் துண்டைப் பையிலிருந்து எடுத்து மகளுக்குக் கதையைச் சொன்னேன்.

1999இல் இந்த நகரின் குடிநீர் வழங்கலை ஒரு தனியார் கூட்டு நிறுவனத்திடம் அரசு ஒப்படைத்தது. பெயர் ஆகுவாஸ் டெல் துனாரி. அதன் பின்னால் இருந்தது அமெரிக்காவின் பெக்டெல் நிறுவனம். அதே ஆண்டில் வந்த 2029ஆம் எண் சட்டம், மக்கள் தாங்களே கூடித் தோண்டிய கிணறுகளும் கையைவிட்டுப் போய்விடும் என்ற அச்சத்தை உண்டாக்கியது. 2000 ஜனவரியில் புதிய பில் வந்தது. பல வீடுகளில் கட்டணம் இரண்டு மடங்கு. செருப்புத் தொழிற்சாலைத் தொழிலாளியாக இருந்து சங்கத் தலைவரான ஆஸ்கர் ஒலிவேரா முன்னால் நிற்க, ஆலைத் தொழிலாளர்கள், பாசன விவசாயிகள், சந்தைப் பெண்கள், மாணவர்கள் எல்லோரும் 'தண்ணீருக்கும் வாழ்வுக்குமான ஒருங்கிணைப்பு' என்ற ஒரே குடையின் கீழ் வந்தார்கள். சாலைகள் அடைபட்டன. அதிபர் ஹூகோ பன்சர் நெருக்கடி நிலையை அறிவித்தார். ஏப்ரல் 8ஆம் தேதி விக்டர் ஹூகோ தாசா என்ற 17 வயது மாணவன் குண்டுபட்டு இறந்தான். இரண்டு நாள் கழித்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள அரசு கையெழுத்திட்டது. கோடிக்கணக்கான டாலர் இழப்பீடு கேட்டுப் பன்னாட்டு நடுவர் மன்றத்துக்குப் போன நிறுவனம், 2006இல் அந்நாட்டு நாணயத்தில் இரண்டே இரண்டு பொலிவியானோவுக்குப் பங்குகளைக் கைமாற்றி வழக்கை விட்டது.

பதினேழு வயது. என் கடைசி வரிசைப் பிள்ளைகளைவிட நாலைந்து வயது மூத்தவன். சொல்லிக்கொண்டு வந்தவள் அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். மகள் பக்கத்துக் கடையில் தண்ணீர்ப் பாட்டில் வாங்கிவந்து கொடுத்தாள்.

அன்றைய பதாகைகளில் இருந்த முழக்கம் உலகம் அறிந்தது: 'எல் ஆகுவா எஸ் நுவெஸ்த்ரா.' இதை என் நோட்டில் தமிழில் எழுத முயன்றபோது பேனா நின்றுவிட்டது. தண்ணீர் நம்முடையது என்பதா, எங்களுடையது என்பதா? ஸ்பானிய மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். தமிழில் அப்படித் தப்பிக்க முடியாது. 'நம்முடையது' என்றால் கேட்கிறவனையும் சேர்த்துக்கொள்கிறோம். 'எங்களுடையது' என்றால் அவனை வெளியே நிறுத்துகிறோம். அடுத்து ஒரு கோடு போட்டுவிட்டு, வரியை முடிக்காமல் நோட்டை மூடினேன்.

ஒப்பந்தம் போனதால் குழாயில் தண்ணீர் வந்துவிட்டதா? இல்லை. துனாரி மலைக்கு அப்பால் மிசிகுனி அணை கட்டி, மலையைக் குடைந்து பத்தொன்பது கிலோமீட்டருக்கும் மேல் சுரங்கம் போட்டு, அந்த நீர் ஊருக்கு வந்தது 2017இல். நாங்களும் ஒகேனக்கல் அருவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஃப்ளோரைடு தண்ணீர் குடித்தவர்கள்தாம். ஜப்பான் கடனுதவியோடு, 1,900 கோடி ரூபாய்க்கும் மேல் செலவில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குத் திறக்கப்பட்டது 2013இல். எங்கள் தெருக் குழாயில் முதல் முறை காவிரி நீர் வந்த அன்று, பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு சொம்பு பிடித்துப் பூஜை மாடத்தில் வைத்தார். அந்தச் சொம்பைப் பார்த்தவளுக்கு 2017 என்ற எண்ணின் கனம் தெரியும்.

அக்காவின் தங்கை நகரின் தெற்குப் பகுதியில் இருக்கிறார். சுரங்கங்களை மூடியபோது வேலை இழந்து மலையிலிருந்து இறங்கிய குடும்பங்களும், வறண்ட கிராமங்களிலிருந்து வந்தவர்களும் காய்ந்த குன்றுகளின் மேல் கட்டிக்கொண்ட வீடுகள் அங்கே ஏராளம். ஊருக்குள் ஓடும் துருஃபி என்ற பகிர்வு வேனில் ஏறினோம். நம் ஷேர் ஆட்டோ மாதிரிதான், பாதை மட்டும் மாறாது. ஏற ஏற மரங்கள் குறைந்தன. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு பீப்பாய், துர்ரில் என்று பெயர். இருநூறு லிட்டர் பிடிக்கும். டேங்கர் லாரி வந்து குழாய் நீட்டி நிரப்பிவிட்டுக் காசு வாங்கிப் போகிறது. வடக்கே குழாய் நீருக்குக் கொடுப்பதைப்போலப் பல மடங்கு விலை. வசதி குறைந்தவர்கள் கூடுதலாகக் கொடுப்பது இங்கே மட்டும் நடப்பதல்ல என்பதால் எனக்கு அதிர்ச்சியாக இல்லை. கோபமாக இருந்தது.

தங்கை இருக்கும் தெருக்காரர்கள் ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். குன்றின் உச்சியில் ஒரு தொட்டி. அதில் மொத்தமாக டேங்கர் நீரை நிரப்பி, தாங்களே பள்ளம் வெட்டிப் பதித்த குழாய் வழியாக வீடுகளுக்கு விடுகிறார்கள். குடும்பத்துக்கு ஓர் ஆள் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து வெட்டியிருக்கிறார்கள். வராத வீட்டுக்கு அபராதம். சங்கத்து நோட்டை எடுத்துக் காட்டினார். யார் வந்தார், யார் வரவில்லை, எவ்வளவு லிட்டர், எவ்வளவு பாக்கி. ஆசிரியை வேலை பார்த்த கைக்கு அந்த நோட்டை மூடவே மனமில்லை. கோடு கிழித்த நேர்த்தியைப் பார்த்து, எழுதியது யார் என்று கேட்டேன். பதினான்கு வயதுப் பேத்தி வெட்கத்தோடு கை தூக்கினாள். சிரித்தபோது அவள் பற்களைப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று இருந்தன.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு மேலே சான் பெத்ரோ குன்றில் கைகளை விரித்து நிற்கும் ஏசு சிலை, பீடம் நீங்கலாக 34.2 மீட்டர். 1987இல் தொடங்கி 1994இல் முடித்தார்கள். ரியோவின் சிலையைவிட உயரம் என்று மகளிடம் நான் சொல்லிக்காட்டினேன். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள், வேண்டாதவர்களுக்குக் கம்பிவட வண்டி. மாலையில் போங்கள், விளக்கு எரியத் தொடங்கும்போது பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். தகரச் சுரங்கங்களால் உலகப் பணக்காரர்களில் ஒருவரான சிமோன் பத்தீனோ 1915 முதல் 1927 வரை கட்டிய போர்தாலெஸ் மாளிகையும் ஊருக்குள் இருக்கிறது. அவர் அதில் ஒரு நாளும் வாழவில்லை. வேலைப்பாடு அழகுதான். தெற்குக் குன்றுகளைப் பார்த்த மறுநாள் போனதால் என் மனம் அதில் நிற்கவில்லை.

மனம் நின்றது கொதபாச்சியில். மேற்கே கில்யாகோல்யோ ஊரை ஒட்டிய ஒரு காற்றுவாங்கும் குன்று. ஸ்பானியர் வருமுன் இந்த மலைகளை ஆண்ட இன்கா மன்னன் வைனா காபாக் இந்தப் பள்ளத்தாக்கையே தன் அரசின் மக்காச்சோளக் கொல்லையாக மாற்றினான். பல இனங்களிலிருந்து 14,000 பேரை உழைக்கக் கொண்டுவந்தான் என்பது ஸ்பானியர் காலத்து நில வழக்குப் பத்திரங்களில் இருக்கிறது. விளைந்த சோளத்தைச் சேர்த்துவைக்க இந்தக் குன்றில் வட்ட வட்டமாகக் கல் அடித்தளம் போட்டுச் சுமார் 2,400 குதிர்கள். வரிசை பிசகாமல், காற்று எல்லாவற்றையும் தொட்டுப் போகும்படி இடைவெளி விட்டு. பெரும்பாலானவை இன்று தரையோடு தரையாக வட்டக் கோடுகள்தாம். சிலவற்றை மட்டும் திரும்ப எழுப்பிக் கூரை போட்டிருக்கிறார்கள். ஒரு வட்டத்துக்குள் போய் நின்றேன். எங்கள் வீட்டில் பாட்டி காலத்துக் குதிர் ஒன்று இருந்தது. ராகி போட்டு மேலே வேப்பந்தழை தூவிக் களிமண்ணால் வாயை மெழுகிவிடுவார். ராகிதான் பூச்சி விழாமல் பல ஆண்டு கிடக்கும். பஞ்சம் பார்த்த கை என்பார்கள் பாட்டியை. 2,400 குதிர்களை வரிசையாகப் போட்ட அரசும் பஞ்சத்தை நினைத்துத்தான் போட்டிருக்கும் என்று தோன்றியது. ஆனால் அந்தச் சோளம் படைகளுக்குப் போனது என்று படித்தபோது பாட்டியின் குதிர் எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

அதே கில்யாகோல்யோவில் உர்குப்பீஞா மாதாவின் குன்று இருக்கிறது. ஆகஸ்ட் நடுவில் திருவிழா. கோச்சபம்பாவிலிருந்து இரவெல்லாம் நடந்தே வருவார்களாம். குன்றில் சுத்தியலால் ஒரு கல்லை உடைத்து வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். அது மாதாவிடம் வாங்கிய கடன். கேட்டது கிடைத்தால் அடுத்த ஆண்டு கல்லைத் திருப்பிக் கொண்டுவந்து வைக்க வேண்டும். சின்னஞ்சிறு பொம்மை வீடு, பொம்மை லாரி எல்லாம் வாங்கி மந்திரிக்கிறார்கள், நிஜத்தில் கிடைக்க வேண்டும் என்று. நாங்கள் போனபோது குன்று வெறிச்சென்று இருந்தது. சொந்த வீடு வேண்டி நம்மூர் மலைக்கோயில் பாதைகளில் கல்லின் மேல் கல் அடுக்கிவைத்துவிட்டு வருவோமே, அந்த நினைவில் நானும் ஓர் ஓரத்தில் மூன்று கல் அடுக்கினேன். யாருக்காக என்பது எனக்குள்ளேயே இருக்கட்டும்.

தெற்கே தராத்தா என்ற ஓட்டுவீட்டு ஊருக்கும், அதன் பக்கத்தில் மண்பாண்டம் வனையும் வைகூலி கிராமத்துக்கும் ஒரு நாள் போனோம். திரும்பும்போது அங்கொஸ்தூரா அணைக்கரையில் சுடச்சுட மீன். கிருஷ்ணகிரி அணை வாசலில் மீன் வறுவல் சாப்பிட்டவர்களுக்கு அந்த இடத்தை விளக்க வேண்டியதில்லை. டைனோசர் காலடித் தடங்கள் கொண்ட தோரோதோரோவுக்கு நாலைந்து மணி நேரப் பயணம் என்றார்கள். என் முழங்கால் இடம் கொடுக்கவில்லை.

மே 27 அன்று ஊரே பூவோடு அலைந்தது. பொலிவியாவில் அன்றுதான் அன்னையர் நாள். 1812இல் அதே தேதியில், விடுதலைப் போரில் ஆண்கள் படை தோற்றுச் சிதறிய பிறகு, ஸ்பானிய அரசின் படையை லா கொரோனில்யா குன்றில் எதிர்த்து நின்றவர்கள் பெண்கள். மனுவேலா கந்தரில்யாஸ் என்ற பார்வையற்ற முதியவள் அவர்களுக்கு முன்னால் நின்றாள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. அவர்களில் ஏராளமானோர் அங்கேயே மடிந்தார்கள். 1927இல் அந்த நாளை அன்னையர் நாளாகச் சட்டமாக்கினார்கள். "மற்ற நாட்களில் அந்தக் குன்றுக்குத் தனியாகப் போகாதீர்கள், வழிப்பறி உண்டு" என்று அக்கா எச்சரித்திருந்தார். அன்று பள்ளிப் பிள்ளைகளும் வாத்தியக் குழுவுமாக நல்ல கூட்டம். என் மகள் ஒரு கார்னேஷன் கொத்து வாங்கிப் பாதியை நினைவுச் சின்னத்தின் காலடியில் வைத்துவிட்டு, மீதியை என் கையில் கொடுத்தாள்.

கடைசி நாள் மாலை தங்கையும் பேத்தியோடு வந்திருந்தார். மக்காச்சோளத்தோலில் மடித்து வேகவைத்த ஊமிந்தா. நம் இலைக் கொழுக்கட்டைக்கு அக்கா தங்கை எனலாம். சுரைக் குடுவையில் சீச்சா ஊற்றினார்கள், மக்காச்சோளத்தைப் புளிக்க வைத்த பானம். குடிக்கும் முன் கொஞ்சம் தரையில் சிந்தினார்கள், பூமித் தாய்க்கு. நான் சீச்சா குடிக்கவில்லை, என் தம்ளர் தண்ணீரிலிருந்து ஒரு துளி சிந்தினேன்.

அப்போதுதான் முடிக்காமல் விட்ட அந்த வரியை எடுத்தேன். நான் தமிழில் சொல்ல, மகள் ஸ்பானிஷில் கேட்டாள்: "தண்ணீர் நம்முடையது, தண்ணீர் எங்களுடையது, உங்கள் மொழியில் இதற்கு இரண்டு சொல் உண்டா?"

மூவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். உண்டு! கெச்சுவாவில் தண்ணீர் 'யாகு'. கேட்கிறவரையும் சேர்த்தால் 'யாகுஞ்சிக்'. சேர்க்காவிட்டால் 'யாகுய்கு'. நாம், நாங்கள் என்று நமக்கு இருப்பதைப்போலவே அவர்களுக்கும் இருக்கிறது. பூமியின் மறுபக்கத்தில் இந்த வேறுபாட்டைக் காப்பாற்றிவைத்திருக்கும் மனிதர்களோடு ஒரே பலகையில் உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அந்த முழக்கத்தை எந்தச் சொல்லால் சொல்வீர்கள்?" என்று கேட்டேன்.

"யாகுஞ்சிக்" என்றார் அக்கா, யோசிக்காமல். "தண்ணீரில் யாரை வெளியே நிறுத்துவது? பதினோரு நாள் நீயும்தானே குடித்தாய்."

தங்கை தலையை ஆட்டினார். "நீ வடக்கில் இருக்கிறாய், குழாயைத் திருகினால் வருகிறது, சொல்வாய். எங்கள் தெருக் குழாயை நாங்கள் வெட்டினோம். ஞாயிற்றுக்கிழமை ஒருவரும் எங்களுக்கு வந்து மண் அள்ளவில்லை. எங்களுடையது யாகுய்கு."

அக்கா ஏதோ வேகமாகப் பதில் சொன்னார், தங்கை அதைவிட வேகமாக. மகளால் மொழிபெயர்த்து முடியவில்லை. பேத்தி மட்டும் எழுந்து, குடத்திலிருந்து என் காலித் தம்ளரில் தண்ணீர் ஊற்றினாள்.

நோட்டில் இரண்டு சொல்லையும் எழுதிக்கொண்டேன், ஒன்றன்கீழ் ஒன்றாக. பேனாவை வாங்கி எழுத்துப் பிழையைத் திருத்தியது அந்தப் பெண்தான்.